செங்கல் சூளையும் கோயில் நிலமும்



நிலம் வாங்கிக் கட்டடம் கட்டிப் பொருள் சேர்க்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களில் சிலர் சேர்த்ததில் ஒரு பங்கை ஊருக்கே திருப்பித் தருகிறார்கள். கோயில், பள்ளி, தங்குமடம் என்று அந்தக் கொடை பல வடிவில் நிற்கிறது. ஆனால் சில கொடைகள் இரண்டு நூற்றாண்டு தாண்டியும் நிற்கின்றன; சில, கொடுத்தவர் கண் மூடியதும் மறைந்து விடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? இன்றைய பேச்சில் ஒரு தமிழரின் வரலாற்றை வைத்து இதற்கு விடை தேடுவோம். அவர்தாம் சிங்கப்பூரின் முதல் கட்டடக் குத்தகையாளர் என்று வரலாறு குறிக்கும் நாராயண பிள்ளை.

நாராயண பிள்ளை பினாங்கில் வாழ்ந்தவர். 1819-ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, 'இந்தியானா' என்ற கப்பலில் அவரோடு வந்து இறங்கினார். அப்போது அந்த ஊர் இன்று நாம் காணும் ஊரன்று. ஆற்றோரத்தில் காட்டை வெட்டி இடம் செய்துகொண்டிருந்த காலம். நாணயங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை முதலில் அவருக்குக் கிடைத்தது. கப்பல்கள் வருகின்றன, வணிகர்கள் வருகிறார்கள், ஆனால் தங்குவதற்கு வீடில்லை, சரக்கு வைக்கக் கிடங்கில்லை என்பதை அவர் கவனித்தார். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு தீப்பொறி போதுமே!

ஊருக்குச் செங்கல் தேவை என்று கண்ட நாராயண பிள்ளை தஞ்சோங் பாகாரில் செங்கல் சூளை ஒன்றைத் தொடங்கினார். பினாங்கில் இருந்த நண்பர்களுக்கு எழுதி, கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இப்படித்தான் அங்கே கட்டடத் தொழில் தொடங்கியது. அதோடு நில்லாமல் கிராஸ் தெருவில் துணிக்கடையும் வைத்தார். கடை நன்றாக வளர்ந்தது.

1822-இல் பேரிடி விழுந்தது. தீப்பற்றிக் கடை முழுவதும் அழிந்தது. சரக்கில் பெரும்பகுதி வெள்ளைக்கார வணிகர்களிடம் கடனாக எடுத்தது. சரக்கு எரிந்தது, கடன் எரியவில்லை. ஊரை விட்டு ஓடிப் போயிருக்கலாம். அவர் ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் ராஃபிள்ஸ் திரும்பி வந்தபோது தம் நிலையைச் சொன்னார். வணிகச் சதுக்கத்தில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேசில், அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கே மறுபடியும் வணிகத்தைத் தொடங்கித் தலை நிமிர்ந்தார்.

இத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் அவர் விடாமல் தேடிய ஒன்று உண்டு. அது கோயில் கட்ட ஓர் இடம். இந்த இடத் தேடலைத்தான் நாம் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் காட்டினார்கள். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் அபிஷேகம் எப்படி நடக்கும்? ஆகவே அந்த இடம் ஆகவில்லை. பிறகு அதிகாரி ஃபார்குவார், இன்று ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் என வழங்கும் நீரோடைக்கு அருகில் ஓர் இடத்தைத் தந்தார். தண்ணீர் இருந்தது. ஆனால் 1822-இல் நகரத்துக்குப் புதிய வரைபடம் தயாரானது. எந்தச் சமூகம் எங்கே குடியிருக்க வேண்டும், எது அரசாங்க நிலம் என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டில் கோயில் நிலம் பொருந்தவில்லை. இரண்டாவது இடமும் கைவிட்டுப் போயிற்று.

1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாவது இடம் ஒதுக்கப்பட்டது. 1827-இல் அங்கே மரத்தாலும் அத்தாப்பாலும் ஒரு சிறு கோயில் எழுந்தது. சின்ன அம்மனை அங்கே வைத்தார்கள். செங்கல் சூளை வைத்தவரே கட்டிய கோயில் அத்தாப்புக் கோயில் என்பதைக் கவனியுங்கள். சுவரைப் பிறகு கட்டிக் கொள்ளலாம், முதலில் நிலம் உறுதியாக வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. பின்னாளில் செங்கல் கட்டடம் வந்தது, கோபுரமும் வந்தது. அதுதான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1973-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்துத் தெருக்கள் இரண்டு, கோயிலை வைத்தே பகோடா தெரு, டெம்பிள் தெரு என்று பெயர் பெற்றன.

அக்கோயில் வழிபாட்டுக்கு மட்டும் பயன்பட்டதன்று. கப்பலை விட்டு இறங்கி, உற்றார் உறவினர் யாருமின்றி நின்றவர்கள் வேலையும் குடியிருப்பும் கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். இந்துத் திருமணங்களைப் பதியும் இடமாகவும் அது விளங்கியது. நம் பாட்டன் பூட்டன்மார் காலத்தில் சஞ்சிக்கூலியாக வந்தவர்களின் தவிப்பைக் கதையாகக் கேட்டிருக்கும் நமக்கு, தலைசாய்க்க ஓர் இடம் என்பது எத்தனை பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் தொடங்கிய கோயில் எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்ததா? இல்லை. அறநிலையங்களின் சொத்தும் கணக்கும் சரியாக நடக்க வேண்டும் என்பதற்காக 1905-இல் சட்டம் வந்தது. இந்து அறக்கட்டளை வாரியத்துக்கான சட்டம் 1968-இல் வந்தது. அவ்வாரியத்தின் பொறுப்பில் கோயில் இருக்கிறது. 2019-இல் சிங்கப்பூரின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சில காலம் நாராயண பிள்ளைக்கும் ஒரு சிலை நின்றது. ஆனால் அவர் பெயரைக் காத்தது அந்தச் சிலையன்று, அந்தக் கோயில்தான்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான கதை உண்டு. ஈயச் சுரங்கமும் குத்தகைத் தொழிலும் நடத்திய கே. தம்புசாமி பிள்ளை கோலாலம்பூரில் வாழ்ந்து 1902-இல் மறைந்தவர். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலும் பத்துமலைத் திருத்தலமும் அவர் பெயரோடு இணைந்தவை. 1893-இல் விக்டோரியா கல்விக்கூடம் அமைந்தபோது அதற்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். மாரியம்மன் கோயில் தொடக்கத்தில் அவர் குடும்பத்தின் கோயிலாக இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பின்னர் அறங்காவலர் பொறுப்புக்கு வந்தது. குடும்பச் சொத்தாக இருந்தது பொதுச் சொத்தான பிறகே அது நாட்டுத் தமிழர் எல்லார்க்கும் உரிய கோயிலாயிற்று.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். தோட்டக் கோயில்களில் பல, துரை வாயால் சொன்ன ஒரு சொல்லை நம்பி எழுந்தவை. தோட்டப் பள்ளிகளில் பல, கம்பெனி நிலத்தில் நிற்பவை. மரம் இருந்தவரையில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தோட்டத்தை வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கும்போதுதான் 'இந்த நிலம் யாருடையது?' என்ற கேள்வி எழுகிறது. மூன்று தலைமுறை கும்பிட்ட இடமாயினும், கிராண்டில் நம் பெயர் இல்லையென்றால் நம் வாதத்துக்கு வலுக் குறைவு. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் வெளியேறியதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

வீடமைப்பாளர்கள் எல்லாரும் கல் மனம் படைத்தவர்கள் அல்லர். பள்ளிக்கு நிலம் தருகிறவர்களும், கோயிலுக்கு இடம் ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தரும்போது நாம் நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டும். கூடவே மூன்று கேள்விகளும் கேட்க வேண்டும். முதலாவது, தண்ணீரும் பாதையும் உள்ள இடமா? தெலுக் ஆயர் கற்றுத் தந்த பாடம் இது. இரண்டாவது, நகரத் திட்ட வரைபடத்தில் இந்த இடம் பள்ளிக்கென்றோ கோயிலுக்கென்றோ குறிக்கப்பட்டிருக்கிறதா? நீரோடைக் கரை கற்றுத் தந்த பாடம் இது. மூன்றாவது, கிராண்டு யார் பெயரில் இருக்கும், கணக்கை யார் பார்ப்பார்கள்? 1905-ஆம் ஆண்டுச் சட்டம் கற்றுத் தந்த பாடம் இது.

இந்த மூன்றுக்கும் விடை எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல் அதைச் சொன்னவரோடு போய்விடும். கொடுப்பவருக்கும் இது நன்மையே. அவர் கொடுத்தது அவர் பேரன் காலத்திலும் நிற்கும். பெற்றோர்கள் பள்ளிக் கூட்டத்திலும் கோயில் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் ஒரு கல்விதான்.