தோட்டக் கள்: சுவையும் பரீட்சையும்

கள் என்பது தென்னை, பனை முதலிய மரங்களின் விரியாத பாளையைச் சீவி வடிக்கும் இனிய சாறு, பிறிதொரு வஸ்துவும் சேராமல் தானே நொதித்து உண்டாகும் மது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் பனை அருமையாதலால், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தமிழர் கள் என்று சொன்னது பெரும்பாலும் தென்னங்கள்ளையே ஆகும். புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பரை வர்த்தகப் பயிராக நட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகி, தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறியபோது, அவர்களுடைய மாலைப் பொழுது கள்ளுக்கடையைச் சுற்றியும் அமைந்தது.

மரமேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு நொதியாமல் பதநீராகவே நிற்கும். நொதிக்கும் முன் அச்சாற்றைக் காய்ச்சி இறுக்கி மூங்கிற் குழாய்களில் வார்த்தெடுத்தால் அது, ஊரின் பெயரையே தாங்கிய குலா மலாக்கா என்னும் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகி, மறுநாளைக்குள் காடியாகிறது.

கள்ளைப் பரீட்சிக்க வல்லவர் முதலில் கலயத்தைப் பார்ப்பார். ஏனெனில் முந்திய நாளின் வண்டல் சிறிது ஒட்டியிருக்கும் கலயமே நொதியை விரைந்து எழுப்புவது, அவ்வண்டல் புளித்துப் போனதாயின் இன்றைய கள்ளையும் புளிக்க வைப்பதும் அதுவே. பாத்திரம் பழையதை நினைவில் வைத்திருக்கும் இவ்விசேஷத்தை, ஷெர்ரிப் பீப்பாயில் ஊறிய ஸ்காட்லாந்து விஸ்கியிலும் காணலாம். ஸ்பெயினின் தெற்கே ஜெரஸ் நகரத்து ஷெர்ரித் திராட்சை மது இருந்த ஓக்குப் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டும் பெரும்பாலும் அதற்கு மிகவும் கூடுதலான காலமும் உறங்கும் சாராயம், உலர்திராட்சை, அத்தி, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் வாசனையை அம்மரத்திலிருந்து பெறுகிறது. காலிப் பீப்பாய் கெடாமலிருக்க அதனுள் கந்தகம் எரிப்பதுண்டு. அது மிஞ்சினால் அணைத்த தீக்குச்சியின் வாடை விஸ்கியில் ஏறும், அதனைத் தேர்ந்தோர் பலர் குற்றமென்றே கொள்வர். நிறத்தை நம்பி அதன் முதுமையைக் கணிப்பது தவறு, கருகவைத்த சர்க்கரைச் சாயம் சேர்க்கச் சட்டமே இடந்தருகிறது.

கள்ளில் கண் ஓரளவு உதவும். பால்போல் வெளுத்து, மெல்லிய நுரை விட்டுக்கொண்டிருப்பது உயிருள்ள கள். நீர் கலந்தது வெளிறிப்போய், நுரையும் சீக்கிரம் அடங்கும். மோந்தால் பாளையின் இனிமையும் மாவு புளித்தது போன்ற மணமும் ஒன்றாக எழ வேண்டும், மூக்கைக் குத்தும் வாடை காடிக்கு அறிகுறி. நாவில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே இலக்கணம். பழங்கள்ளில் சர்க்கரை கலந்து மறைத்தால் அவ்விரண்டும் ஒட்டாமல் தனித்தனியே தெரியும். விஸ்கிக்கு ஆண்டுகளே பக்குவம் தருகின்றன. கள்ளுக்கோ சில நாழிகைகளே பக்குவகாலம், ஆதலால் கள்ளைத் தேர்வோனுக்கு நாவினும் கடிகாரமே பெரிய துணை என்பது மிகையன்று.

சுவைபற்றிய இவ்விசாரணை, தோட்டத்துக் கள்ளுக்கடை விளைத்த துயரத்தை மறைக்கலாகாது. சர்க்கார் அனுமதியுடன் தோட்டங்களிலேயே நடந்த கடைகளில் உழைத்த கூலி கரைந்தது, 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று, 1947-இல் கெடாவில் தொண்டர் படை என்னும் தோட்டத் தமிழர் அமைப்பினர் கள்ளுக்கு எதிராகவே மறியல் செய்தனர். பின்னர்ப் பரவிய சம்சு என்னும் மலிவுச் சாராயம் கள்ளினும் பன்மடங்கு கொடியது. தேக நலத்துக்கு அது செய்த தீங்கைச் சுவையின் பேரால் மன்னிக்க எவராலும் இயலாது.

நல்ல கள்ளின் மதுச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கு, விஸ்கியினது 40-க்குக் குறையாது. சீவிய நாள் கடந்த கள் குடிப்பதற்குரியதன்று. அது சமையலறைக் காடிக்கே உரியது.