ஏதுவும் போலியும்: அறிவியல் மாணவரின் தருக்கத்திறன் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் பயில்வோர்க்குத் தருக்கத்திறன் பாடத்தோடு தானே வந்து சேரும் என்னும் எண்ணம் கல்வியுலகில் வேரூன்றிய ஒன்றாகும். கடந்த அறுபது ஆண்டுகளின் ஆய்வு வரலாறு இவ்வெண்ணத்தை ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது.

கருதுகோள் அமைத்து ஆராயும் திறன் வளரிளம் பருவத்தில் உருப்பெறுகின்றது எனப் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1955இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஆயின் பீட்டர் வேசன் 1966இல் முன்வைத்த நான்கு அட்டைச் சோதனையில், ஒரு விதியைப் பொய்ப்பிக்கவல்ல அட்டையைச் சரியாகத் தேர்ந்தோர் பல்கலைக்கழக மாணவருள்ளும் மிகச் சிலரே. பெரும்பாலோர் விதிக்குச் சார்பான சான்றையே நாடினர். தருக்கத்திறனை வகுப்பறையிலேயே அளக்கும் தேர்வு ஒன்றை லாசன் 1978இல் வகுத்தார். அதன் பிற்காலத் திருத்த வடிவைக் கொண்டு, சீன, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், பொறியியல் பயிலப் புகுந்த மாணவரை லெய் பாவ் குழுவினர் ஒப்பிட்டு, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். இயக்கவியல் தேர்வில் சீன மாணவரின் சராசரி ஏறத்தாழ 86 விழுக்காடு; அமெரிக்க மாணவரின் சராசரி 49. தருக்கத் தேர்விலோ இருசாராரும் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் ஒத்து நின்றனர். பாட அறிவு பெருகுதலால் மட்டும் தருக்கத்திறன் பெருகுவதில்லை என்பது இதனால் புலனாயிற்று.

தருக்கத்தைத் தனித்துப் பயிற்றும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை 27ஆம் காதையில் பல சமயக் கருத்துகளையும் கேட்கின்றாள். எனினும் அறவண அடிகள் 30ஆம் காதையில் அறப்பொருளை விரிப்பதற்கு முன், 29ஆம் காதையில் அளவையையே கற்பிக்கின்றார். வடமொழி நியாயப் பிரவேசத்தோடு நெருங்கிய ஒப்புமையுடைய அப்பகுதி, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் பிழைகளை வகுத்துரைக்கின்றது. சான்றாக, ஒலி அறியப்படுதலின் அநித்தம் எனின், அது 'சாதாரணம்' என்னும் ஏதுப்போலியாம். அறியப்படுதல் அநித்தமாகிய குடத்திற்கும் நித்தமாகிய ஆகாயத்திற்கும் பொதுவாதலின், அவ்வேது எதனையும் நிறுவாது.

மாற்று முடிவுக்கும் இடந்தரும் சான்று சான்றாகாது என்னும் இவ்வுணர்வே வேசனின் சோதனையில் மாணவரிடம் காணப்படாதது. மணிமேகலையின் நோக்கம் சமய வாதம். இன்றைய ஆய்வகத்தின் நோக்கம் வேறு. எனினும் ஏதுவை ஆராயும் பயிற்சி பொருளறிவுக்கு முற்பட்டும் தனித்தும் அளிக்கப்பட வேண்டும் என்னும் அதன் வைப்புமுறை, அறிவியல் பாடத்திட்டம் வகுப்போர் கருதத்தக்கதாகும்.