சூதாடியின் பிழை

ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளில் ஒரே முடிவு தொடர்ந்து பலமுறை வந்துவிட்டால், அடுத்த முறை அதற்கு மாறான முடிவு வரும் வாய்ப்பு கூடிவிட்டதாகக் கருதும் தவறு சூதாடியின் பிழை எனப்படும். நாணயத்தைச் சுண்டும்போது ஐந்து முறையும் தலையே விழுந்தால், ஆறாவது முறை பூ விழும் என்று பலர் நம்புவார்கள். முன்பு விழுந்தது எதுவும் அடுத்த சுண்டலை மாற்றாது. ஆறாவது முறையும் வாய்ப்பு சரிபாதியே. ஆறு முறையும் தலை விழும் நிகழ்தகவு 1/64 என்பது உண்மைதான். ஆனால் அது சுண்டத் தொடங்குமுன் போடும் கணக்கு. ஐந்து தலை விழுந்து, அடுத்து ஒரு பூ விழும் வரிசைக்கும் நிகழ்தகவு அதே 1/64 ஆகும்.

நிகழ்தகவுக் கணிதம் பிரான்சில் 1654-இல் கணித அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் உருப்பெற்றது. அதற்குப் பிறகும் தேர்ந்த கணித அறிஞர்களே இப்பிழையில் விழுந்தனர். அவர்களுள் முதன்மையானவர் டாலம்பேர். தீதரோவுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் 1754-ஆம் ஆண்டுத் தொகுதியில் பூவா தலையா பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு 3/4. முதல் சுண்டலில் தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று கொண்ட டாலம்பேர், நான்கு நிலைகளை மூன்றாகச் சுருக்கி 2/3 என்றார். ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்தால் மறுபக்கம் விழும் வாய்ப்பு கூடும் என்றும் பின்னர் வாதிட்டார். தோற்றால் பந்தயத்தை ஓர் அலகு கூட்டி, வென்றால் ஓர் அலகு குறைக்கும் சூதாட்ட முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இப்பிழையைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். நிகழ்தகவு பற்றி 1814-இல் வெளியிட்ட தம் மெய்யியல் கட்டுரையில், ஆண்மகவை விரும்பிய தந்தையரை அவர் குறிப்பிடுகிறார். தங்களுக்குக் குழந்தை பிறக்கவிருந்த மாதத்தில் பிறர் வீட்டில் ஆண் குழந்தைகள் பிறந்த செய்தி கேட்டால் அவர்கள் கலங்கினர். மாத முடிவில் ஆண், பெண் கணக்கு நேராக வேண்டும், ஆகவே இனிப் பெண் குழந்தைகளே அதிகம் பிறக்கும் என எண்ணினர். பிரெஞ்சு லாட்டரியில் நெடுநாள் வராத எண்ணின் மீது மக்கள் முண்டியடித்துப் பணம் கட்டியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

1913 ஆகஸ்ட் 18-இல் மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியே இதற்குப் பரவலாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ரூலட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்ததாம். இனிச் சிவப்புதான் என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெருந்தொகையை இழந்தனர். அச்சக்கரத்தின் 37 குழிகளில் கறுப்பு 18, சிவப்பு 18, பச்சை நிறச் சுழியம் 1. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு வாய்ப்பு 18/37 மட்டுமே. தோற்கும்தோறும் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறையும் இங்கே உதவாது: 1 ரூபாயில் தொடங்கியவர் பத்து முறை தொடர்ந்து தோற்றால் 1,023 ரூபாய் இழந்திருப்பார்.

கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பின் 1713-இல் வெளியான பெரும் எண்களின் விதியைத் தவறாகப் புரிந்துகொள்வதே இப்பிழையின் வேர். சுண்டல்கள் பெருகப் பெருகத் தலைகளின் விகிதம் பாதியை நெருங்கும் என்கிறது அவ்விதி. முதல் 10 சுண்டலும் தலையாக இருந்து, அடுத்த 1,000-இல் 500 தலை விழுந்தால் விகிதம் 510/1,010, அதாவது ஏறத்தாழ 50.5 விழுக்காடு. தொடக்கத்தில் கூடுதலாக விழுந்த தலைகளைப் பூ ஈடுகட்டவில்லை. அவை பெருந்தொகையில் கரைந்துபோயின, அவ்வளவே.

முன்னது பின்னதை மாற்றும் இடங்களில் இவ்வெண்ணம் பிழையாகாது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்துத் திரும்ப வைக்காவிட்டால், அடுத்ததும் சிவப்பாக இருக்கும் வாய்ப்பு 26/52-இலிருந்து 25/51-ஆகக் குறைகிறது. நாணயமே கோணல் என்ற ஐயம் இருந்தாலோ, தொடர்ந்து தலை விழுவது அடுத்ததும் தலையே என்று கருதத்தான் இடம் தரும்.

சிறு மாதிரியும் முழுத் தொகுதியைப் போலவே இருக்கும் என மனம் எதிர்பார்ப்பதே இப்பிழைக்குக் காரணம் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1971-இல் விளக்கினர். அமெரிக்காவின் புகலிட வழக்கு நீதிபதிகள், இந்தியாவில் நடந்த ஒரு சோதனையில் கடன் விண்ணப்பங்களை மதிப்பிட்ட அலுவலர்கள், பேஸ்பால் நடுவர்கள் ஆகியோரின் முடிவுகளிலும் இப்பிழை காணப்படுவதாக 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.