நகல் உடல்கள்: மலிவுச் சண்டைப் படங்களும் காஞ்சியின் போதிதருமரும்

காஞ்சியே குங்ஃபூவின் தாயகம் என்னும் கூற்று இன்று தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை முதலிய நெசவூர்கள் இதைத் தம் வட்டாரப் பெருமையாகக் கொள்ள இடமுண்டு. ஆயினும் இக்கூற்றுக்குப் பல்லவர் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ சான்றில்லை. இதை மக்களிடையே பரப்பியதில் திரைக்கொட்டகைக்குப் பெரும் பங்குண்டு. எனவே ஆய்வாளர் பலர் பொருட்படுத்தாத மலிவுச் சண்டைப் படங்களையும் இவ்வரலாற்றுக்குரிய ஆவணங்களாகக் கொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்கப் படநிறுவனங்களின் ஏற்றுமதிச் சங்கம் இந்திய அரசுடன் செய்திருந்த உடன்பாடு 1971இல் முடிவுற்று, 1975இல்தான் புதுப்பிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஹாலிவுட் புதுப்படங்களின் வரத்துக் குன்றியது. இதே காலத்தில்தான் ஹாங்காங் படங்கள் உலகச் சந்தையைப் பிடித்தன. புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று தம் 32ஆம் வயதில் இறந்தார். ‘என்டர் தி டிராகன்’ அதற்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் வெளியானது. இந்தியாவில் ஹாங்காங் படங்கள் வேரூன்றிய இடம் பெருநகர அரங்குகள் மட்டுமன்று. பழைய பிரதிகளையும் மறுவெளியீடுகளையும் நம்பியிருந்த ‘பி’ சுற்று அரங்குகளும் ஆகும். எஸ்.வி. சீனிவாஸின் ஆய்வு இதனை விளக்குகிறது. வாயசைவும் ஒலியும் பொருந்தாத ஆங்கிலப் பேச்சு அங்கே பெருந்தடையாக அமையவில்லை. உதையையும் குத்தையும் விளங்கிக்கொள்ள மொழி தேவைப்படவில்லை.

புரூஸ் லீயின் மறைவு ஒரு விந்தையான தொழிலைப் பிறப்பித்தது. நாயகன் இல்லை, ஆனால் அவன் படம் வேண்டும். புரூஸ் லே, டிராகன் லீ எனப் பெயராலும் தோற்றத்தாலும் அவரை ஒத்த நடிகர்கள் தோன்றினர். 1977இல் வந்த ‘தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்’ படத்தில் மறைந்த புரூஸ் லீ பாதாள உலகில் விழித்தெழுகிறார். அங்கே டிராகுலாவும் ஜேம்ஸ் பாண்டும் அவருக்குப் பகைவர், கேலிச்சித்திர மாலுமியான பாப்பாய் அவருக்குத் துணைவர். 1978இல் வெளியான ‘கேம் ஆஃப் டெத்’ இதைவிட வசதியான தயாரிப்பு. அதிலும் புரூஸ் லீ தாமே நடித்த சண்டைப் பகுதி ஏறத்தாழ 11 நிமிடங்களே. எஞ்சியதை நகல் நடிகர்கள் நிரப்பினர். ஒரு காட்சியில் கண்ணாடியில் தெரியும் உருவத்தின் மீது அவருடைய முகப்படம் ஒட்டப்பட்டுள்ளது. அவருடைய உண்மையான இறுதிச்சடங்குப் படப்பிடிப்பும் கதைக்குள் நுழைக்கப்பட்டது. இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் ஒட்டுவேலை என்று தெரிந்தும் அவையினர் பார்த்தனர். அவர்கள் தேடியது மெய்ம்மையை அன்று, மறைந்தவரின் மீள்வருகையை.

இவ்வகைமையின் எல்லாப் படங்களும் இத்தரத்தன அல்ல. லியு சியா-லியாங் இயக்கிய ‘36ஆம் அறை’ (1978) பயிற்சியையே கதையாக்கிய தேர்ந்த படம். நீர் சுமத்தல் போன்ற அன்றாட வேலைகள் அதில் உடலைப் பழக்கும் பாடங்களாகின்றன. கோர்வை நெசவில் தறியின் ஓரத்தில் அமர்ந்து கரைத் தார்நாடாவைத் தள்ளிக்கொடுத்தபடியே தொழில் பழகிய நெசவாளருக்கு இக்கல்விமுறை அயலானதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. தமிழில் இதைத் தழுவி எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘பாயும் புலி’ 1983இல் வெளிவந்தது. சாவோலின் பயிற்சிக்கூடம் அவ்வாறு தமிழ் வெகுமக்கள் திரைக்குள் வந்து சேர்ந்தது.

போதிதருமரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. கி.பி. 547ஐ ஒட்டி எழுதப்பட்ட லோயாங் மடாலயக் குறிப்புகள் அவரைப் பாரசீகர் என்கின்றன. தென்னிந்தியர் என்பது மற்றொரு பழைய மரபு. அவரை அரசனின் மூன்றாம் மகனாகக் காட்டும் 1004ஆம் ஆண்டின் சென் வழிமரபு நூல், ‘சியாங்சி’ என்னும் நாட்டைக் குறிக்கிறது; அது காஞ்சியே என்பது ஒலியொப்புமையால் எழுந்த ஊகம். 728ஆம் ஆண்டின் சாவோலின் கல்வெட்டு துறவியர் போரிட்டதைக் கூறுகிறது. அப்போர்த்திறனைப் போதிதருமருடன் இணைக்கவில்லை. அவ்விணைப்புக்கு அடிப்படையான ‘யிஜின் ஜிங்’ 1624ஐச் சார்ந்தது. அதைப் பழமையானதாகக் காட்டும் முன்னுரை போலியானது. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930களிலேயே இக்கதையை மறுத்துள்ளார்.

இச்சூழலில்தான் ஏ.ஆர். முருகதாஸின் ‘7ஆம் அறிவு’ 2011 தீபாவளியை ஒட்டி வெளியானது. செலவில் இப்படம் ‘பி’ சுற்றுப் படங்களுக்கு நேர் எதிர்முனையில் நிற்பது. கதையமைப்போ அவற்றின் நெருங்கிய உறவு: காஞ்சியின் பழைய இளவரசர் மரபணு வழியாக இன்றைய இளைஞர் ஒருவரின் உடலில் மீட்டெழுப்பப்படுகிறார். இரு வேடங்களையும் ஏற்றவர் ஒரே நடிகரான சூர்யா. கண்ணாடியில் ஒட்டிய முகப்படம் செய்த பணியை இங்கே மரபணு செய்கிறது. சான்றுகள் தர மறுத்த உடலை நகல் உடல் தருகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. பாப்பாயுடன் தோள் சேர்ந்து போரிட்ட புரூஸ் லீயை எவரும் வரலாறாகக் கொள்ளவில்லை. மரபணுவில் எழுந்த போதிதருமரோ மேடைப் பேச்சுகளிலும் பெருமிதக் கட்டுரைகளிலும் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறார்.