கறுப்புக் கிண்ணமும் வெண்ணுரையும்

கறுத்து மினுங்கும் மண்கலம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளிப் பக்கத்தாருக்குப் புதிதன்று. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் பூச்சில்லாமல், தேய்ப்பினாலேயே மெருகு பெற்றவை. ஆனால் 2016இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போனது சீனத்து ஜியான் தேநீர்க் கிண்ணம் ஒன்று. சேகரிப்பாளர்கள் இந்த விலைக்குக் காரணமாகக் காட்டுவது அதன் பூச்சை. அது பாதி உண்மை.

பூச்சின் வித்தை பெரிது என்பதை மறுக்க முடியாது. ஃபூஜியான் மாகாணத்து ஜியான்யாங்கின் இரும்புச் சத்து மிகுந்த மண்ணும் தடித்த பூச்சும் ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் உருகும்போது, பூச்சிலுள்ள இரும்பு பிரிந்து முயல் மயிர்போல் கோடாக வழியும். சில சமயம் எண்ணெய்த் துளிபோல் புள்ளியாக உறையும். ஆயினும் இக்கிண்ணங்கள் நூறு மீட்டருக்கும் மேல் நீண்ட சூளைகளில் பெருந்தொகையாகச் சுடப்பட்டவை. அவற்றை விரும்பவைத்தது தேநீர். சோங் காலத்தில் தேயிலைப் பொடியை வெந்நீரில் கடைந்து வெண்ணுரை எழுப்பிக் குடித்தார்கள். அந்த வெண்மை எடுப்பாகத் தெரியக் கறுப்பே உகந்தது. பேரரசர் ஹுயிசோங் 1107 அளவில் எழுதிய தேநீர் நூல் கருங்கிண்ணத்தையே உயர்த்திச் சொல்கிறது. 1391இல் மிங் அரசு, பொடியாக்குவதற்கென அச்சில் அழுத்திய கட்டித் தேயிலையைக் காணிக்கையாகப் பெறுவதை நிறுத்தியது; இலையை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் பரவ, சீனத்திலேயே கறுப்புக்கு மவுசு குறைந்தது. பூச்சு மாறவில்லை, குடிக்கும் முறைதான் மாறியது.

தமிழ்க் கடற்கரை தரும் சான்று இன்னும் கூர்மையானது. அதே ஃபூஜியானின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் இருந்தனர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. கருங்கிண்ணம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்த, தமிழ்க் கரையிலுள்ள பெரியபட்டினத்துச் சீன ஓடுகளில் மிகுதி லோங்சுவான் பச்சைப் பீங்கான். 1323 அளவில் ஜப்பானுக்குப் போகும் வழியில் கொரியாவின் சினான் கடலில் மூழ்கிய கப்பலிலும் அந்தப் பச்சைப் பீங்கான் ஏராளம். கூடவே, ஏற்கெனவே புழங்கிய ஜியான் கிண்ணங்களும் இருந்தன. தேநீர் வழக்கம் வேரூன்றிய நாட்டுக்குப் பழைய கிண்ணம்கூடச் சரக்கு. தேநீர் அறியாத நம் கரையில் அதற்கு என்ன வேலை?

இன்றைய சேகரிப்பாளர் அதில் தேநீர் குடிப்பதில்லையே என்று கேட்கலாம். அவர் வாங்குவது குடித்தவர்களின் வரிசையை. டோக்கியோவின் செய்கதோ தொகுப்பிலுள்ள இனபா என்னும் ஜியான் கிண்ணம் தொகுகவா ஷோகுன்களிடமிருந்து இனபா குடும்பத்துக்கும், 1934இல் இவாசகி கொயாதாவுக்கும் வந்தது. அந்தப் பெயர்களை நீக்கி அதை விலை பேச யாரும் துணியமாட்டார்கள். பெரியபட்டினத்து ஓடுகளுக்கு அத்தகைய வரிசை இல்லை. எனவே அவற்றை அழகால் தரம் பிரிப்பதைவிட, வாயகலத்தையும் தேய்மானத்தையும் அளந்து, இங்கே அவற்றில் எதை உண்டார்கள் என்று தேடுவதே நம் ஆய்வாளர்கள் தொடங்க வேண்டிய வேலை.