விமான டிக்கெட் தேடலில் முதல் வரி யாருக்கு?

இணையத்தில் விமான டிக்கெட் தேடுபவர்களில் பலர், திரையில் முதலில் தெரியும் நாலைந்து வரிகளைத் தாண்டிப் போவதில்லை. அலுவலக வேலையாக அவசரமாகக் கிளம்புகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?' என்ற நம்பிக்கைதான். ஆனால் அந்த முதல் வரியில் யார் பெயர் வரவேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அந்த நாட்டு நாடாளுமன்றம் வரை போன சண்டை அது!

சுழலும் அட்டைகளும் இரண்டு ஸ்மித்களும்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் முன்பதிவு என்பது முழுக்கக் கைவேலை. நடுவே அட்டைகள் அடுக்கிய ஒரு சுழலும் பெட்டி. சுற்றிலும் எட்டு ஊழியர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அட்டை. ஒரு இருக்கை விற்றால் அட்டையில் ஒரு குறி. ஒரு டிக்கெட்டைப் பதிவு செய்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு பெட்டியைச் சுற்றி எத்தனை பேர்தான் உட்கார முடியும்? விமானங்கள் கூடக்கூட இந்த முறை திணறியது.

1953ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போன ஒரு விமானத்தில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித். மற்றவர் ஐபிஎம் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி பிளேர் ஸ்மித். பெயர் ஒற்றுமையில் தொடங்கிய பேச்சு வியாபாரத்தில் முடிந்தது. அப்போது ஐபிஎம், அமெரிக்க விமானப்படையின் வான் பாதுகாப்புக்காக ஒரு பெரிய கணினி அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்தை டிக்கெட் விற்பனைக்குப் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் 'சேபர்'. 1960ல் இயங்கத் தொடங்கி, 1964ல் நிறுவனத்தின் மொத்த முன்பதிவும் அதற்கு மாறியது. மணிக்கணக்கில் நடந்த வேலை நொடிக்கணக்கில் முடிந்தது.

திரைக்குள் ஒரு தந்திரம்

1976 முதல் சேபர் திரைகள் டிராவல் ஏஜென்ட்களின் மேஜைக்கும் வந்தன. யுனைடெட் ஏர்லைன்ஸ் 'அப்பல்லோ' என்ற தன் அமைப்பைக் கொண்டு வந்தது. இந்தத் திரைகளில் போட்டி நிறுவனங்களின் விமானங்களும் தெரியும். அதாவது கடை ஒருவருடையது, சரக்கு எல்லோருடையது.

1978ல் அமெரிக்க அரசு விமானத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதுவரை எந்த வழித்தடத்தில் யார் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசு வாரியம்தான் தீர்மானித்தது. விலை ஒன்றாகவே இருக்கும்போது தேடுவதற்கு என்ன இருக்கிறது? தளர்த்திய பிறகு புதுப்புது நிறுவனங்கள் வந்தன, ஆளுக்கொரு விலை வைத்தன. தேடல் அப்போதுதான் முக்கியமானது.

1982ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நடத்திய ஆய்வில் ஓர் உண்மை தெரிந்தது. ஏஜென்ட்கள் பாதிக்கும் மேற்பட்ட தடவை முதல் வரியில் இருக்கும் விமானத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். 92 சதவீதம் முதல் திரையைத் தாண்டுவதே இல்லை. அப்படியானால் முதல் வரி என்பது தங்கச் சுரங்கம் அல்லவா? பயண நேரத்துக்கு இத்தனை மதிப்பெண், புறப்படும் நேரத்துக்கு இத்தனை என்று வரிசைப்படுத்தும் சூத்திரத்தைத் தனக்குச் சாதகமாக மாற்றுவது அந்த நிறுவனத்துக்கு வழக்கமானது.

1981 இறுதியில் 'நியூயார்க் ஏர்' என்ற சிறிய நிறுவனம் நியூயார்க்–டெட்ராய்ட் வழியில் இறங்கியது. கொஞ்ச நாளில் அதன் விமானங்கள் சேபர் திரையின் அடியில் போய் விழுந்தன. முன்பதிவு வற்றியது. ஒரு நாளைக்கு எட்டு விமானம் விட்ட நிறுவனம் அந்த வழியையே கைவிட்டது. விமானத்தில் குறையில்லை, கட்டணத்தில் குறையில்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்!

விசாரணை வந்தபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல் மறைக்கவில்லை. எங்கள் விமானங்களை முன்னால் காட்டத்தானே இந்த அமைப்பையே உருவாக்கினோம் என்ற பொருளில் பேசினார். 1984ல் அரசு இந்தப் பாரபட்சத்தைத் தடை செய்தது.

சனிக்கிழமை இரவு

தந்திரம் அதோடு நிற்கவில்லை, விலைக்குள் புகுந்தது. மலிவு டிக்கெட் வேண்டுமானால் முன்கூட்டியே வாங்க வேண்டும், போன ஊரில் சனிக்கிழமை இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். திங்கள் போய் வியாழன் திரும்பும் வியாபாரி வார இறுதியில் வீட்டில்தான் இருப்பார். அவர் டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டும். ஆகவே அதே இருக்கைக்கு அவரிடம் பல மடங்கு வாங்கலாம். பாடப் புத்தகத்தில் 'விலை பேதம் காட்டுதல்' என்று படிப்பது இதைத்தான். அடிக்கடி பறந்தவர்கள் சளைக்கவில்லை. இரண்டு மலிவு டிக்கெட்களை வாங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சனிக்கிழமை வரும்படி மாற்றிக் கோத்துப் பறந்தார்கள். நிறுவனங்கள் அதையும் தடுக்கப் பார்த்தன.

இணையம் வந்த பிறகு

1996ல் சேபரின் டிராவலோசிட்டியும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பீடியாவும் வந்தன. ஏஜென்ட் பார்த்த திரை இப்போது பயணியின் வீட்டுக்கே வந்துவிட்டது. அதே ஆண்டு எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிய 'ஐடிஏ' நிறுவனம், பெரிய மெயின்ஃபிரேமுக்குப் பதில் சாதாரணக் கணினிகளைக் கொண்டு மிக அதிகமான வழி–விலைக் கூட்டுகளை அலசும் மென்பொருளை உருவாக்கியது. 2001ல் வந்த ஆர்பிட்ஸ் தளம் அதைப் பயன்படுத்தியது. ஐடிஏவை 70 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கியது. 2011ல் 'கூகுள் ஃப்ளைட்ஸ்' பிறந்தது.

அமெரிக்காவில் 1984ன் பாரபட்சத் தடை விதிகள் 2004ல் நீக்கப்பட்டன. பிறகு 2016ல் வந்த விதியோ, வரிசையில் பாரபட்சம் இருந்தால் அதை வெளியே சொல்ல வேண்டும் என்கிறது. திரையில் வராதவர்களும் உண்டு. சவுத்வெஸ்ட் போன்ற பெரிய நிறுவனத்தின் கட்டணமே 2024ல்தான் கூகுள் ஃப்ளைட்ஸில் தெரிய ஆரம்பித்தது.

இந்த வரலாறு வேலை விஷயமாகப் பறப்பவருக்குச் சொல்லித் தருவது எளிமையானது. 'சிறந்தவை' என்று தளம் கொடுக்கும் வரிசையை மாற்றி, விலைப்படி ஒரு முறை, மொத்தப் பயண நேரப்படி ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு நாள் முன்பின், பக்கத்து விமான நிலையம், போகவும் வரவும் தனித்தனி டிக்கெட் என்று தேடிப் பார்க்க வேண்டும். கடைசியில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர் எந்தச் சரக்கைக் கண்ணெதிரே அடுக்குவார் என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. விமான டிக்கெட் திரையும் ஒரு கடைதான். கீழ்த் தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் பணம் மிச்சம் பிடிக்கிறார்!