இலாடம் காணாத குளம்பு

கி.மு. 401ஆம் ஆண்டின் இறுதியிலே, பாரசீகப் பேரரசின் நடுவில் தன் தளபதிகளை இழந்து தவித்த கிரேக்கக் கூலிப்படையொன்று, ஆர்மீனிய மலைநாட்டின் ஊடாகக் கருங்கடலை நோக்கி மீண்டுகொண்டிருந்தது. ஆளுயரப் பனி, உணவோ அரிது. வழியிலே தங்கிய ஊரொன்றின் தலைவன் அவ்வீரர்களுக்கு ஓர் உபாயம் கற்பித்தான். பனிமீது நடத்திச் செல்லும்போது குதிரைகளின் கால்களிலே சிறு பைகளைக் கட்டிவிட வேண்டும். இன்றேல் அவை வயிறுவரை புதைந்துபோகும் என்றான். இதனைக் குறித்துவைத்தவர் அப்படையை நடத்தி வந்தோருள் ஒருவரான ஏதென்சு நகரத்துச் செனபோன்.

பனிக்குப் பை கட்டிய அக்குதிரைகளுக்கு இலாடம் கட்டியதாக அவர் எங்கும் கூறவில்லை. பிற்காலத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில், குதிரையேற்றத்தைப் பற்றி அவர் தனி நூலொன்று எழுதினார். அதிலும் ஆணியடித்த இரும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. போரிலே குதிரையின் கால் தளர்ந்தால் வீரனின் உயிரே போய்விடும் என்பதை அறிந்தவர் அவர். ஆகவே அந்நூல் குளம்பைப் பற்றி மிகுந்த கவலையோடு பேசுகின்றது. குதிரை வாங்குவோன் முதலிலே பாதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மேல்மாடம் அழகாயிருந்தும் அடித்தளம் பழுதான வீட்டினால் பயன் யாது என்று உவமையும் சொல்கிறார். குளம்பின் சுவர் தடித்திருக்க வேண்டும். நிலத்திலே படும்போது கைத்தாளம்போல ஒலிக்க வேண்டும்.

குளம்பின் அடியிலே, பிற்பாதியில், முக்கோண வடிவான மெத்தை போன்ற பகுதியொன்று உண்டு. அதன் பிளவுபட்ட வடிவிலே கிரேக்கர் தகைவிலான் குருவியின் வாலைக் கண்டனர். அப்பறவையின் பெயரையே அதற்கு இட்டனர். ஆங்கிலேயரோ அதே உறுப்பிலே தவளையைக் கண்டனர்! இம்மெத்தை நிலத்திலே படாதபடி குளம்பு உயர்ந்திருத்தல் நன்று என்பது செனபோனின் கருத்து. இக்காலத்தில் இலாடமின்றிக் குதிரை வளர்ப்போர் பலர் இதனை ஏற்கமாட்டார்கள். அம்மெத்தை நிலத்தைத் தொட்டே உறுதி பெறுகிறது என்பது அவர்கள் கொள்கை.

ஆயின் குளம்பை வலிமையாக்கும் வழியைப் பற்றி அவர் கூறியது இன்றும் வியக்கத்தக்கது. ஈரமும் வழவழப்பும் உள்ள தொழுவம் நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றார். தொழுவத்தின் தரை நீர் வடியச் சரிந்திருக்க வேண்டும். குளம்பின் அளவான கற்கள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிமுற்றத்திலோ நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டி, அவை சிதறாதபடி இரும்பினால் விளிம்பு கட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லும் கைக்கு அடங்குவதாய், ஏறத்தாழ ஒரு றாத்தல் நிறையுடையதாய் இருக்க வேண்டும். உடல் தேய்க்கப்படும்போதும் ஈக்களை உதறும்போதும் குதிரை சும்மா நிற்பதில்லை. காலை மாற்றி மாற்றி வைக்கும். அவ்வசைவெல்லாம் கல்வழியிலே நடந்த பயனைத் தரும் என்று கணக்கிட்டார். இரும்பு கைவசம் இருந்தது. அதனை அவர் முற்றத்தின் விளிம்புக்கே செலவிட்டார்.

இதன் காரணம் குளம்பின் இயல்பிலேயே உள்ளது. அது நம் நகத்தைப்போல ஓயாது வளர்வது. மாதத்திற்கு ஏறத்தாழ மூன்றிலொரு அங்குலம் வளரும். மேலே தோன்றிய பகுதி கீழே விரல்முனையை அடைய ஓராண்டளவாகும். கடுநிலத்திலே நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்வும் சமமாகிவிடுகின்றன. மெத்தென்ற புல்லிலும் வைக்கோலிலும் நிற்கும் குதிரைக்கோ அவ்வாறன்று. குளம்பு நீண்டு, விளிம்பு விரிந்து உடையும். அப்பொழுதுதான் கத்தியும் அரமும் வேண்டியவாகின்றன.

வடக்கு ஐரோப்பாவின் ஈரமண் குளம்பை இளக்கிற்று. உரோமர் காலத்திலே வாரினால் கட்டும் இரும்புப் பாதணிகள் இருந்தன. கி.பி. 900ஆம் ஆண்டளவில் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோவின் போர்நூல், படைக்கு வேண்டிய பொருள்களுள் பிறைவடிவ இரும்பையும் அதன் ஆணிகளையும் குறிப்பிடுகின்றது. அதன்பின் இலாடம் எங்கும் பரவியது. பாரவண்டி இழுக்கவும், கல் பாவிய தெருக்களிலே ஓடவும் அது பெரிதும் உதவியது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

அந்த உதவிக்குக் குதிரை கொடுத்த விலை யாது என்று கேட்டவர் பிரேசி கிளார்க் என்னும் ஆங்கிலேயர். 1771இல் பிறந்த இவர், இலண்டனில் 1791இல் நிறுவப்பட்ட விலங்கு மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவருள் ஒருவர். குதிரை காலூன்றும்போது குளம்பின் பிற்பகுதி சற்றே விரிந்து, காலைத் தூக்கும்போது சுருங்குகிறது. ஆணியடித்த வளையாத இரும்பு அவ்வசைவைத் தடுக்கிறது என்று அவர் கண்டார். ஒரே பெண்குதிரையின் குளம்பை ஆண்டுகள் இடைவிட்டு அச்சு வார்த்து ஒப்பிட்டார். முன்னே வட்டமாயிருந்த குளம்பு, இலாடம் ஏறியபின் வரவர ஒடுங்கியிருந்தது. 1809இல் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டு, கீல் வைத்து விரியும் இலாடமொன்றையும் அமைத்தார். நாடு முழுவதும் குதிரைகளால் இயங்கிய காலம் அது. பழைய இலாடத்தை விடுவதற்கு எவரும் ஆயத்தமாயில்லை. 1860இல் அவர் இறந்தபோதும் கொல்லன் உலையிலே பழைய இலாடமே சிவந்துகொண்டிருந்தது.

1982இல் அமெரிக்க இலாடத் தொழிலாளரான ஜேமி ஜாக்சன், நெவாடாப் பகுதியின் வறண்ட மேட்டுநிலத்திலே காட்டுக்குதிரைகளைப் பின்தொடரத் தொடங்கினார். எவரும் அரம் படுத்தாத அக்குளம்புகள் குட்டையாயும், விளிம்பு உருண்டு மழுங்கியும், கற்களிடையே உறுதியாயும் இருந்தன. அவ்வடிவத்தையே மாதிரியாகக் கொண்டு வீட்டுக்குதிரையின் குளம்பைச் சீவும் முறையை அவர் வகுத்தார். 1992இல் நூலும் எழுதினார். இம்முறையைப் பின்பற்றுவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். எல்லாக் குதிரைக்கும், எல்லா வேலைக்கும் இது பொருந்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பல்லாண்டு இலாடமணிந்த குதிரையின் இரும்பைக் கழற்றி மறுநாளே கல்வழியில் ஓட்டுவது கொடுமையே. புதுக்குளம்பு வளர்ந்து உறுதிபெறப் பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

காட்டுக்குதிரையைக் காண இலங்கை நேயர்கள் நெவாடா வரை செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடல்நடுவிலுள்ள நெடுந்தீவில், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை எனப்படும் மட்டக்குதிரைகள் கட்டற்றுத் திரிகின்றன. மேல்மண் குறைந்த சுண்ணாம்புக் கல்நிலமும், கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும் நிறைந்த தீவு அது. வறட்சியிலே குடிநீரின்றி அக்குதிரைகள் மடிந்த ஆண்டுகளும் உண்டு. செனபோன் வண்டி வண்டியாகக் கொட்டச் சொன்ன கல் அங்கே நிலமாகவே கிடக்கின்றது. தலைமுறை தலைமுறையாக அவை அதன்மேல் இலாடமின்றி நீரைத் தேடி நடக்கின்றன.